கணக்குக் கேட்போம்! நாட்டின் வெளியுறவுக் கொள்கையை எழுதும் கை எது?



“வெளிநாட்டு விவகாரமெல்லாம் டில்லியில் இருக்கிற படித்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நமக்கு ரேஷன் கார்டும் தண்ணீர்க் குழாயும் வந்தால் போதும்” என்று சொல்லுகிறவர்கள் தாராவி தொண்ணூறடி ரோட்டிலும் உண்டு, மாதுங்கா லேபர் கேம்ப்பிலும் உண்டு, செம்பூரிலும் உண்டு. பகல் முழுதும் உழைத்துவிட்டு ராத்திரி ஷிப்டுக்கும் ஓடுகிறவன் வேறு என்ன சொல்வான்? ஆனால் படித்தவர்கள் பார்த்துக்கொண்ட லட்சணத்தை ஈழத் தமிழர் விஷயத்தில் நாடே கண்டது. பார்த்துக்கொண்டவர்கள் யார் என்பதே மக்களுக்குத் தெரியவில்லை. அவர்களுக்கு ஓட்டுப் போட்டவர் ஒருவரும் இல்லை. நாடாளுமன்றத்தில் அவர்களை நிறுத்திக் கேள்வி கேட்டவரும் இல்லை. செத்தவர்கள் மட்டும் சாதாரண வீட்டுப் பிள்ளைகள். அக்கரையிலும் சரி, இக்கரையிலும் சரி.

ஒரு நாட்டின் வெளியுறவுக் கொள்கையை உளவு நிறுவனமும் ராணுவத் தலைமையும் மூடிய அறைக்குள் தீர்மானித்தால் என்ன நடக்கும்? 1983 முதல் 1990 வரை இந்திய அரசு இலங்கையில் நடத்திய காரியங்களே அதற்குப் போதுமான பாடம். அவற்றை வரிசையாக எடுத்து வைக்கிறோம். படித்துவிட்டு, கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு உண்டா இல்லையா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

சட்டம் இல்லாத நிறுவனம்

சீனப் போரிலும் பாகிஸ்தான் போரிலும் உளவு வேலை சரியில்லை என்று சொல்லி, 1968 செப்டம்பரில் ஐ.பி. எனப்படும் உளவுத்துறையிலிருந்து வெளிநாட்டு வேலையைப் பிரித்து ‘ரா’ என்ற நிறுவனத்தை இந்திரா காந்தி அரசு உண்டாக்கியது. முதல் தலைவர் ஆர்.என்.காவ். இந்த நிறுவனத்தை உண்டாக்க நாடாளுமன்றத்தில் எந்தச் சட்டமும் நிறைவேறவில்லை. அரசாங்க உத்தரவு ஒன்றே அதன் பிறப்புச் சான்றிதழ். அமைச்சரவைச் செயலகத்தின் நிழலில் இருந்துகொண்டு பிரதமருக்கு மட்டும் பதில் சொல்லும் நிறுவனம் அது. 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தபோது, ஊழல், மனித உரிமை மீறல் புகார்களைத் தவிர மற்ற எல்லாவற்றிலிருந்தும் ‘ரா’வுக்கும் ஐ.பி.க்கும் விலக்குக் கொடுத்தார்கள்.

நம்மில் ரயில்வே கவுன்ட்டரில் உட்காருகிறவர்களுக்குத் தெரியும். மாலையில் கணக்கு முடிக்கும்போது பத்து ரூபாய் குறைந்தால் அது நம் சம்பளத்திலிருந்து போகும். ஒரு டிக்கெட் எண் தவறினால் விளக்கம் எழுதித் தரவேண்டும். பத்து ரூபாய்க்கு இத்தனை கணக்குக் கேட்கிற அரசு, பல்லாயிரம் உயிர்களுக்கு யாரிடமும் கணக்குக் கேட்கவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் சாரம்.

பிள்ளையைக் கிள்ளியதும் தொட்டிலை ஆட்டியதும்

1983 ஜூலையில் கொழும்பு எரிந்தது. தமிழர் வீடுகளும் கடைகளும் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தேடித்தேடிக் கொளுத்தப்பட்டன. வெலிக்கடைச் சிறையில் ஜூலை 25, 27 ஆகிய இரண்டு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் வெட்டியும் அடித்தும் கொல்லப்பட்டார்கள். தமிழகம் கொதித்தது. அந்தக் கொதிப்பு நியாயமானது. அடிபட்ட மக்களுக்குக் கை கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கையும் நியாயமானது.

அந்த நியாயத்தை டில்லி எப்படிப் பயன்படுத்தியது என்பதைப் பாருங்கள். ஜெயவர்த்தனே அரசு அமெரிக்காவின் பக்கம் சாய்ந்திருந்தது. இஸ்ரேலின் ஆட்கள் கொழும்புக்கு வந்தார்கள். பிரிட்டிஷ் கூலிப்படை நிறுவனம் ஒன்று இலங்கையின் அதிரடிப் படைக்குப் பயிற்சி தந்தது. திருகோணமலைத் துறைமுகம் யார் கைக்குப் போகும் என்பதே டில்லியின் கவலை. கொழும்பைப் பணியவைக்க ஒரு நெம்புகோல் வேண்டியிருந்தது. ஈழத் தமிழ் இளைஞர்கள் அந்த நெம்புகோல் ஆனார்கள்.

1983 கடைசியிலிருந்து புலிகள், டெலோ, ஈ.பி.ஆர்.எல்.எப்., ஈரோஸ் ஆகிய இயக்கங்களின் இளைஞர்களுக்கு ‘ரா’ ஆயுதப் பயிற்சி கொடுத்தது. உத்தரப் பிரதேச மலைப்பகுதியிலும் தமிழ்நாட்டிலும் முகாம்கள் நடந்தன. 1984-லேயே ஆங்கிலப் பத்திரிகை படம் போட்டு எழுதியது. அரசோ, அப்படி முகாமே இல்லை என்று உலகத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் சொல்லிக்கொண்டிருந்தது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதுதான். ஒரு கையால் துப்பாக்கி கொடுத்தார்கள். மறு கையால் 1985-இல் திம்புவில் சமரசப் பேச்சு நடத்தினார்கள்.

ஏன் ஒரே இயக்கமாக வைக்காமல் பல இயக்கங்களுக்குத் தனித்தனியாகப் பயிற்சி? ஒன்று கைமீறினால் இன்னொன்றை வைத்து அடக்கலாம் என்பதே உளவுக்காரன் கணக்கு. ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். விளைவு என்ன? 1986 ஏப்ரல், மே மாதங்களில் டெலோ இயக்கத்தைப் புலிகள் அழித்தார்கள். அதன் தலைவர் சிறீ சபாரத்தினமும் நூற்றுக்கணக்கான இளைஞர்களும் கொல்லப்பட்டார்கள். சுட்டவர்கள் புலிகள், அந்தப் பழி அவர்களுடையது. ஆனால் இரு தரப்புக்கும் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்த வாத்தியார் ஒருவரே அல்லவா? அந்த வாத்தியாரை எந்தக் குழு விசாரித்தது?

ஒப்பந்தத்தோடு வந்த கடிதங்கள்

1987 ஜூன் 4-ஆம் தேதி இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மீது உணவுப் பொட்டலங்களைப் போட்டன. தமிழகம் மகிழ்ந்தது. எட்டு வாரம் கழியவில்லை. ஜூலை 29-ஆம் தேதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேயும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். யாருடைய தலைவிதி எழுதப்பட்டதோ அந்தத் தமிழர் தரப்பு அதில் கையெழுத்திடவில்லை. பிரபாகரன் டில்லி அசோகா ஓட்டலில் காவலில் வைத்ததுபோல் வைக்கப்பட்டிருந்தார்.

அந்த ஒப்பந்தத்தோடு இரு தலைவர்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்களை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். அவற்றில் இருப்பது என்ன? திருகோணமலை உள்ளிட்ட துறைமுகங்களை இந்தியாவுக்கு எதிரான ராணுவ உபயோகத்துக்கு எந்த நாட்டுக்கும் தரக்கூடாது. திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகளை இந்தியாவும் இலங்கையும் கூட்டாகச் சீரமைக்கும். அந்நிய வானொலி நிலையங்களை ராணுவ, உளவுக் காரியங்களுக்குப் பயன்படுத்தவிடக் கூடாது. அந்நிய ராணுவ, உளவு ஆட்கள் விஷயத்தில் இந்தியாவின் கவலையைத் தீர்க்க வேண்டும். வெலிக்கடையில் செத்த 53 பேரின் பெயரால் தொடங்கிய காரியம் எண்ணெய்த் தாங்கியில் வந்து நின்றது!

பிறகு நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். வடக்கையும் கிழக்கையும் இணைத்ததை இலங்கை உச்ச நீதிமன்றம் 2006-இல் செல்லாது என்றது. வடக்கு மாகாண சபைக்கு 2013-இல் ஒரு தேர்தல் நடந்தது. 2018-இல் அதன் காலம் முடிந்தது. தமிழருக்குச் சொன்ன பகுதி இப்படிக் கரைந்தது. எண்ணெய்த் தாங்கிகளோ 2003-இல் இந்தியன் ஆயிலின் இலங்கை நிறுவனத்துக்குக் குத்தகைக்கு வந்தன. 2022 ஜனவரியில் மொத்தம் 99 தாங்கிகளில் 61-ஐக் கூட்டு நிறுவனமாக நடத்தப் புதிய உடன்பாடும் ஆயிற்று. எது உயிரோடு இருக்கிறதோ அதுதான் உண்மையான நோக்கம்.

“நமக்குத் தெரிந்தவர்கள்” என்றார்கள்

அமைதிப்படை என்று பெயர் வைத்து அனுப்பினார்கள். அப்போது கொழும்பில் இந்தியத் தூதராக இருந்த ஜே.என்.தீட்சித் பின்னாளில் நூல் எழுதினார். புலிகள் நமக்குப் பழக்கப்பட்டவர்கள், எதிர்க்கமாட்டார்கள் என்று உளவு மேலிடம் உறுதி சொன்னதையும், எதிர்த்தாலும் குறுகிய காலத்தில் அடக்கிவிடலாம் என்று தரைப்படைத் தளபதி சுந்தர்ஜி நம்பிக்கை தந்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார். படையின் முதல் தளபதியாக யாழ்ப்பாணத்தில் இருந்த ஹர்கிரத் சிங்கும் 2007-இல் நூல் எழுதினார். பேச்சுக்கு வரும் பிரபாகரனைச் சுட்டுவிடும்படி தூதர் தன்னிடம் சொன்னதாகவும், தான் மறுத்ததாகவும் அவர் எழுதுகிறார். தளபதியின் கூற்று உண்மையானால் அது நாட்டுக்கே தலைகுனிவு. பொய்யானால் அதையும் விசாரித்துச் சொல்ல வேண்டும். இரண்டும் நடக்கவில்லை.

1987 செப்டம்பர் 26-இல் உண்ணாவிரதம் இருந்த திலீபன் உயிர் விட்டார். அக்டோபர் 5-இல், கொழும்புக்குக் கொண்டுபோகப்பட இருந்த புலிகளில் 12 பேர் பலாலியில் சயனைடு தின்று செத்தார்கள். அடுத்த வாரமே போர். அக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறக்கிவிடப்பட்ட சீக்கிய காலாட்படை வீரர் 30 பேரில் 29 பேர் மாண்டார்கள். ஒருவர் பிடிபட்டார். புலிகளுக்குப் பயிற்சி கொடுத்த உளவு நிறுவனம், அந்தப் புலிகளைப் பற்றி நம் சிப்பாய்க்குச் சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை. களத்தில் இருந்த தளபதிகளே பின்னாளில் இப்படிக் குறைபட்டு எழுதினார்கள்.

தீபாவளி நாளான அக்டோபர் 21-இலும் மறுநாளும் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் படை புகுந்தது. நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள், ஊழியர்கள் என்று 60 பேருக்கு மேல் சுடப்பட்டு இறந்தார்கள். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் மீண்டும் 60 பேருக்கு மேல். இதை வியட்நாமின் மைலாய்ப் படுகொலையோடு ஒப்பிட்டுக் கண்டித்தவர் தமிழர் அல்லர். 1974 ரயில்வே வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கிய, இந்த மும்பையின் தொழிற்சங்கத் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ்.

1990 மார்ச் 24-இல் கடைசிச் சிப்பாய் திரும்பியபோது ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் மாண்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கான தமிழ் மக்கள் இறந்திருந்தார்கள். செத்த சிப்பாய் யார்? மதராஸ் ரெஜிமென்டில் நம் ஊர்ப் பையன். மகர் ரெஜிமென்டிலும் மராத்தா காலாட்படையிலும் நம் பக்கத்துச் சாலில் குடியிருக்கிற மராட்டியத் தோழனின் உறவுக்காரன். ஆகவே இது தமிழனின் தனிப்பட்ட குறை என்று ஒதுக்க முடியாது. மராட்டியத் தொழிலாளியும் நம்மோடு சேர்ந்து கேட்கவேண்டிய கேள்வி இது.

வேலிக்கு ஓணான் சாட்சி

தோல்வியிலிருந்து பாடம் படித்தார்களா? இல்லை. படை திரும்பும் நேரத்தில் ‘தமிழ்த் தேசிய ராணுவம்’ என்று ஒன்றை வடகிழக்கில் உண்டாக்கினார்கள். தெருவில் போகிற பையன்களைப் பிடித்துக் கட்டாயமாகச் சேர்த்தார்கள். படை கப்பலேறியதும் அந்தப் பையன்கள் புலிகளின் துப்பாக்கிக்கு முன்னால் விடப்பட்டார்கள். மறுபுறம் கொழும்பில் பிரேமதாசா, இந்தியப் படையை விரட்டுவதற்காகப் புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தார். எல்லா ராஜதந்திரிகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்!

1990 ஜூன் 19-இல் சென்னை கோடம்பாக்கத்தில் பத்மநாபாவும் தோழர்களும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். 1991 ஜனவரி 30-இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தும், உளவுத் தகவலைக் காரணம் காட்டிக் கலைத்தார்கள். 1991 மே 21-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி புலிகளால் கொல்லப்பட்டார். உடன் நின்ற காவலர்களும் பொதுமக்களும் மாண்டார்கள். அந்தக் கொலையை நியாயப்படுத்த இங்கே ஒரு வரியும் கிடையாது. ஆனால் 1997-இல் ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கை, மத்திய அரசே போராளிகளுக்கு ஆயுதப் பயிற்சி கொடுத்ததைப் பதிவு செய்தது. அந்த அறிக்கையை வைத்துக் காங்கிரஸ் ஆதரவை விலக்கியது; குஜ்ரால் அரசு கவிழ்ந்தது. கட்சிகள் அறிக்கையைக் கொண்டு ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டார்கள். பயிற்சிக்கு உத்தரவு போட்டவர் யார், எந்தக் கோப்பில், எந்தத் தேதியில் என்று கேட்டு நாடாளுமன்றம் அந்த நிறுவனங்களைக் கூண்டில் ஏற்றவில்லை.

இங்கேதான் அடிப்படைக் கோளாறு இருக்கிறது. தகவல் சேகரிக்கிறவனே காரியத்தையும் நடத்துகிறான். அந்தக் காரியம் ஜெயித்ததா தோற்றதா என்று பிரதமருக்கு அறிக்கை எழுதுகிறவனும் அவனே. தன் கையால் செய்த வேலை பாழ் என்று எவன் எழுதுவான்? வேலிக்கு ஓணான் சாட்சி! 1971-இல் வங்காள விடுதலைப் படைக்குப் பயிற்சி கொடுத்து வென்ற பெருமிதம் வேறு கண்ணை மறைத்தது. வெளியிலும் இதே கதைதான். அமெரிக்காவின் சி.ஐ.ஏ.யும் பாகிஸ்தானின் ஐ.எஸ்.ஐ.யும் 1980-களில் ஆப்கானிஸ்தானில் வளர்த்த ஆயுதக் குழுக்கள் பிறகு பாகிஸ்தான் மக்களின் மீதே பாய்ந்தன. உளவுக்காரன் விதைக்கிறான். அறுவடை செய்கிறவன் சாதாரண மனிதன்.

2009-இல் மூன்று அதிகாரிகள்

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2008 செப்டம்பரில் வவுனியா படைத்தளம் தாக்கப்பட்டபோது ரேடார் வேலைக்குப் போன இந்தியர் இருவர் காயமடைந்தார்கள். அங்கே நம் ஆட்கள் இருக்கிறார்கள் என்ற விஷயம் அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. போரின் கடைசிக் கட்டத்தில் இலங்கையோடு பேசுவதற்கு டில்லி மூன்று பேரை வைத்தது: பாதுகாப்பு ஆலோசகர் எம்.கே.நாராயணன், வெளியுறவுச் செயலர் சிவசங்கர் மேனன், பாதுகாப்புச் செயலர் விஜய் சிங். மூவரும் அதிகாரிகள். ஒருவரும் ஓட்டு வாங்கி வந்தவரல்லர். நாராயணன், அமைதிப்படைக் காலத்தில் ஐ.பி.யின் தலைமையில் இருந்தவர்! தமிழகத்திலிருந்து போன எம்.பி.க்கள் மனுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தீர்மானம் வேறு அறையில் நடந்தது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்த அந்தப் போரின் இறுதி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை மாண்டிருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் சொன்னது.

உயிர் தப்பி வந்தவர்கள் கதி? 2021-ஆம் ஆண்டுக் கணக்கில் 58,000-க்கு மேற்பட்டவர்கள் தமிழ்நாட்டு முகாம்களில் இருந்தார்கள். 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை இல்லை. நெம்புகோலாகப் பயன்பட்டபோது சொந்தப் பிள்ளை. வேலை முடிந்தபின் அந்நியன்.

“ரகசியம் வேண்டாமா?” என்பவர்களுக்கு

“நாட்டின் பாதுகாப்பை நடுத்தெருவில் பேச முடியுமா?” என்று கேட்பார்கள். படை எந்தப் பாதையில் போகும், ஒற்றன் பெயர் என்ன என்பதை நாம் கேட்கவில்லை. படையை அனுப்பலாமா என்று தீர்மானிக்கிற உரிமை யாருக்கு என்று கேட்கிறோம். நம் அரசியல் சட்டப்படி வெளிநாட்டு ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றத்தின் சம்மதம் கட்டாயமில்லை. அமெரிக்காவில் உளவு நிறுவனங்களின் அட்டூழியம் 1975-இல் வெளிவந்த பிறகு அவற்றைக் கண்காணிக்க நாடாளுமன்றக் குழு ஏற்பட்டது. பிரிட்டனில் 1994-இல் சட்டமே வந்தது. அதனால் அங்கே எல்லாம் நேராகிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. 2003-இல் பொய்யான உளவுத் தகவலை வைத்து ஈராக் மீது அவர்கள் போர் தொடுத்தார்கள். ஆனால் அந்தப் பொய்யைப் பகிரங்கமாக விசாரித்து 2016-இல் சில்காட் அறிக்கையை வெளியிட வேண்டிய நிலையாவது பிரிட்டனில் ஏற்பட்டது. இங்கேயோ 2011-இல் மணீஷ் திவாரி கொண்டுவந்த தனிநபர் மசோதா செத்துப்போனது. 1962 போரின் தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையையே வெளியிடாமல் பூட்டிவைத்த அரசு இது.

நமது கோரிக்கைகள்

ஒன்று: ‘ரா’வுக்கும் ஐ.பி.க்கும் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் வேண்டும். அவற்றின் செலவையும் செயலையும் பார்வையிட எல்லாக் கட்சியும் அடங்கிய நாடாளுமன்றக் குழு வேண்டும்.

இரண்டு: வெளிநாட்டுக்குப் படை அனுப்புவதும், அயல்நாட்டு மக்களின் தலைவிதியை எழுதும் ஒப்பந்தங்களும் நாடாளுமன்ற வாக்கெடுப்புக்கு வரவேண்டும்.

மூன்று: 1983 முதல் 1990 வரையிலான இலங்கைக் கோப்புகளை வெளியிட வேண்டும். 25 ஆண்டுகளில் போர் ஆவணங்களை வெளிக்கொணரலாம் என்று பாதுகாப்பு அமைச்சகமே 2021-இல் கொள்கை வகுத்தது. காலக்கெடு எப்போதோ கடந்துவிட்டது.

நான்கு: யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி, வல்வெட்டித்துறைப் படுகொலைகளைப் பகிரங்கமாக விசாரிக்க வேண்டும். முகாம்களில் இருக்கும் ஈழத் தமிழருக்குக் குடியுரிமை வழங்க வேண்டும்.

தாராவியும் செம்பூரும் சயான் கோலிவாடாவும் ஒரே தென்மத்திய மும்பைத் தொகுதியில் இருக்கின்றன. ஓட்டுக் கேட்டு நம் சந்துக்குள் வருகிறவர் யாரானாலும், எந்தக் கொடியானாலும், குழாயைப் பற்றிக் கேட்ட கையோடு இந்த நான்கையும் கேளுங்கள். சங்கக் கிளைகள் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக நிறைவேற்றி, தமிழிலும் மராட்டியிலும் எழுதி, எம்.பி.யின் அலுவலகத்தில் நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வரட்டும். எந்தக் கிளை கொடுத்தது, அவர் என்ன பதில் சொன்னார் என்பதை இந்த இதழில் அச்சிடுவோம்.